கழிவு

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
செம்பனை அரிவாள் தட்டும் எங்கள் பட்டறைக்கு
ஒரு வெள்ளிக்கிழமை
துண்டில் சுற்றிய வெள்ளிக்கட்டியோடு வந்தார்
மலாக்கா தியோ.

ஸ்பானியக் கப்பல், ஆழக்கடல்,
லேமினேட் செய்த சான்றிதழ்.
கட்டி கறுத்திருந்தது
அடிப்பிடித்த சோற்றுப்பானை மாதிரி.
ஒரு மூலையில் சின்னப் பள்ளம்.
மாற்றுப் பார்க்க அக்காலத்து அதிகாரி
கரண்டியளவு சுரண்டிய இடமாம்.
சுரண்டியதைத் திருப்பி வைத்தாரா என்று கேட்டேன்.
தியோ சிரித்தார்.

நாற்பது காசு வேண்டும், பழைய முறையில்.
ஒன்று இருபத்தேழு கிராம்.
கட்டி ஆயிரத்து நூற்றிருபது.
கழிவு நாற்பதுவரை போகலாம் என்றார்.
எழுதிக்கொண்டேன்.

சவரிமுத்து அண்ணன் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு
எஃகில் சிலுவை வெட்டினார்.
அச்சில் எல்லாம் இடவலம் மாறவேண்டும் என்று
முகச்சவரக் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.
கோட்டை வந்துவிட்டது.
சிங்கம் கடைசிவரை பூனையாகவே இருந்தது.

உருக்கி வார்த்த பாளத்தை
அரிவாள் தகடு நறுக்கும் கத்தரியில் துண்டு போட்டோம்.
வட்டமெல்லாம் இல்லை.
அவசரத்தில் அரிந்த மரவள்ளி வில்லைகள்.
எடைதான் காசு அந்நாளில்.
தராசில் வைப்பேன். கூட இருக்கும்.
ஒரு மூலையை வெட்டுவார். மறுபடி வைப்பேன்.
இன்னொரு மூலை.

கீழச்சு ரப்பர் மரக்கட்டையில்.
மேலச்சை அண்ணன் பிடிக்க
சம்மட்டி ஸ்லாமெட்டிடம்.
ஒரே அடி. இரண்டாவது விழுந்தால் சிலுவை இரட்டிக்கும்.
முதல் காசில் சிலுவையின் ஒரு கை வெளியே போய்விட்டது.
அடுத்ததில் ராஜா பெயரில் இரண்டெழுத்து.
மூன்றாவதில் பூனை மட்டும்.
கைப்பேசியில் படம் அனுப்பினேன்.
அப்படித்தான், அப்படித்தான் என்று பதில் வந்தது.

இந்த வம்சத்துக் காசின்
பல்பல்லான விளிம்பைப் பார்த்துத்தான்
ரிங்கிட் என்று பேர் வந்ததாம்.
நாங்கள் அதைக்கூடச் சொல்வதில்லை.
மூன்று வெள்ளிக்கு ரொட்டி, ஒரு வெள்ளிக்கு ஐஸ்.
காகிதத்தை வெள்ளி என்று சொல்லிச் சொல்லி
நிஜமானதைக் கையில் எடுத்த அன்று
அதை என்னவென்று கூப்பிடுவது,
நாக்கு தடுமாறியது.

நாற்பதும் முடிந்து தரையைக் கூட்டினேன்.
மூலைகள், பொடி,
கத்தரி இடுக்கில் சிக்கியது,
ஸ்லாமெட்டின் செருப்படியில் ஒட்டியது.
உருக்கினால் இருபத்தேழு.
நெருப்பு தின்றது பதிமூன்றுதான்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.
ஸ்லாமெட் சம்மட்டியைப் பார்த்தான்.
யாரும் சொல்லாமலே அடித்தோம்
நாற்பத்தொன்றாவதை.

பேரேட்டில் எழுதவேண்டியது நான்.
கழிவு: 40.
தெரிந்த கட்டம்தான்.
அம்மாவின் பால்வாளியை நிறுத்துவிட்டுக் கிராணி
தண்ணீர்க் கழிவு, இரண்டு கிலோ என்று போடுவார்,
மழையே பெய்யாத மாதத்திலும்.
அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.
நானும் பூஜ்யத்தை
அழகாகத்தான் போட்டேன்.

திங்களன்று தியோ வந்தார்.
நாற்பது காசு, நாற்பது சான்றிதழ்.
கூலியை நோட்டாக எண்ணினார்,
எண்ணூறு வெள்ளி.

மிச்சம் ஒன்று
இழுப்பறையில் படிக்கற்களோடு கிடக்கிறது.
சான்றிதழ் இல்லாததால்
அது கடலுக்குள் கிடந்ததே இல்லை.
சிலுவை விழவில்லை. ஓரத்தில் ஒரு பூனைவால்.
ஸ்லாமெட் இன்னும் பங்கு கேட்கவில்லை.
மூன்றாய்ப் போட்டால் ஆளுக்கு ஒன்பது கிராம்.
கத்தரி கைக்கெட்டும் தூரம்தான்.
வெட்டும்போது கொஞ்சம் பொடி உதிரும்.
அதை
யார் கணக்கில் எழுத?